வேட்பாளர் வந்தால் ஜெபிக்கலாமா? ஆயர்மாருக்கும் சபையாருக்கும்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும், என் வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வந்து விழ ஆரம்பிக்கும். கடைசியாக வந்தது இது. அங்கியைக்கூடக் கழற்றாத ஒரு இளம் ஆயர், ஆலயத்தின் முன்னால் இருக்கும் ஆல்டர் (பலிபீட) படியில் நிற்கிறார். எதிரே கரை வேட்டியும் பொன்னாடையுமாக ஒரு வேட்பாளர் முழங்காலில். ஆயரின் கை அவர் தலையில். ஜெபத்தில் என்ன சொன்னார் என்று கேட்க வழியில்லை, மேலே கட்சிப் பாட்டை ஒட்டிவிட்டார்கள். அனுப்பிய சபையார் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இவரு அந்தக் கட்சியா ஐயா?"

அந்த ஆயருக்கு போன் போட்டேன். "நான் அவருக்கு ஓட்டே போடமாட்டேன் ஐயா. வந்து நின்னுட்டாரு, ஜெபம் பண்ணுங்கன்னாரு. மாட்டேன்னா சொல்ல முடியும்?" என்றார்.

மாட்டேன் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் "இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாமே! ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கூத்து.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. "மணிப்பூரில் அவ்வளவு ஆலயங்கள் எரிஞ்ச பிறகும் பிரதமர் பேரைச் சொல்லி ஜெபிக்கிறீங்களே, உங்களுக்கு எப்படி மனசு வருது?" என்று ஆராதனை முடிந்து வாசலிலேயே மறிப்பார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஜெபத்தை நிறுத்த அது காரணம் ஆகாது. "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்" ஜெபிக்கச் சொல்லிப் பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய காலத்தில் ரோமாபுரி ராஜாக்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. கி.பி. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பேரரசரின் நீண்ட ஆயுசுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம், ஆனால் அவரைத் தேவன் என்று அழைக்கமாட்டோம் என்று பகிரங்கமாகவே எழுதினார். அப்போது சபையைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்த அரசு அது.

எனக்கு ஆத்திரம் வருவது, ஜெபித்தால் ஆதரித்தது ஆகிவிடும் என்கிற நினைப்பைப் பார்க்கும்போதுதான். மாதந்தோறும் சிறைக்குப் போகிறோம். கொலை வழக்கில் உள்ளே இருப்பவர் தலையில் கை வைத்து ஜெபிக்கிறோம். ஆயர் கொலைக்கு ஆதரவு என்று யாராவது பேசியது உண்டா? குடித்துக் குடித்து ஈரல் கெட்டவர் கட்டிலருகே ஜெபித்தால் டாஸ்மாக்கை ஆதரித்ததாகுமா? கடன் கொடுத்து ஊரையே அழவைக்கிற வட்டிக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில்கூட ஜெபிக்கிறோம். (அங்கே என்ன ஜெபிக்கிறோம் என்பது தனிக் கட்டுரை.) அரசியல்வாதி விஷயத்தில் மட்டும் ஜெபம் எப்படிச் சான்றிதழ் ஆனது?

நாம் ஆக்கியதுதான். ஐந்து வருஷமும் எம்.எல்.ஏ.வுக்காக வாய் திறந்து ஜெபிக்காத சபை, அவர் ஓட்டுக் கேட்டு வரும் அன்று மட்டும் மைக் பிடித்து ஜெபித்தால் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்?

இதை நம்மைவிடப் பெரிய சபைகளும் பட்டிருக்கின்றன. 2019 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மெக்லீன் பைபிள் சர்ச். போதகர் டேவிட் பிளாட் பிரசங்கத்தை முடித்துத் திருவிருந்துக்குப் போகும் நேரத்தில், அதிபர் டிரம்ப் வந்துகொண்டிருக்கிறார், ஜெபிக்க வேண்டும் என்று தகவல் வருகிறது. யோசிக்கச் சில நிமிஷம்தான் கிடைத்தது. மேடையில் அதிபரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தத் தீமோத்தேயு பகுதியை வாசித்து, ஞானத்துக்காகவும் நீதிக்காகவும் ஜெபித்தார். ஜெபத்தில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சபையில் பலர் புண்பட்டார்கள். எந்தக் கட்சிக்கும் கொள்கைக்கும் ஆதரவாகச் செய்யவில்லை என்று அன்றைக்கே சபைக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. வார்த்தை சரியாக இருந்தும் மேடையும் படமும் வேறு கதை சொல்லிவிட்டன.

கலிபோர்னியாவின் பசடேனாவில் ஆல் செயின்ட்ஸ் சபை, டிரம்ப் முதல்முறை பதவியேற்ற 2017 ஜனவரியில் வேறு வழி எடுத்தது: அதிபருக்காக ஜெபிப்போம், பெயர் மட்டும் சொல்லமாட்டோம். அந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள் சபையில் இருந்தார்கள் என்பது காரணம். அவர்கள் வலி புரிகிறது. ஆனால் நான் பெயரைச் சொல்லித்தான் ஜெபிப்பேன். பகையாளியின் பெயரைத் தேவனுக்கு முன் உச்சரிப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நாம் பட வேண்டும்.

மணிப்பூருக்கு வருகிறேன். பிரதமர் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே, முகாம்களில் கிடக்கிறவர்கள் வீடு திரும்ப வழி செய்யும் மனதை ஆளுகிறவர்களுக்குத் தாரும் என்று ஜெபிக்கிறோம். இதில் ஆதரவு எங்கே இருக்கிறது? கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்கிறோம்.

இனி ஆயர்மாருக்குச் சில வார்த்தைகள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், தொகுதி உறுப்பினர், கலெக்டர் என்று வாராவாரம் பெயர் சொல்லி ஜெபியுங்கள், ஆள் வந்தாலும் வராவிட்டாலும். எழுதி வைத்து வாசியுங்கள். வாய்க்கு வந்தபடி ஜெபிக்கும்போதுதான் நம் கட்சி வெளியே எட்டிப் பார்க்கிறது.

வேட்பாளரை ஆல்டர் படி ஏற்றாதீர்கள். பொன்னாடை வேண்டாம், போடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். எல்லாரோடும் பெஞ்சில் உட்காரட்டும். ஜெபம் கேட்டால் ஆராதனை முடிந்து வெஸ்ட்ரிக்கு (ஆயர் அங்கி மாற்றும் அறைக்கு) கூட்டிப்போங்கள், போன்கள் வெளியே இருக்கட்டும். கேமரா இல்லை என்றதும் ஜெபமே வேண்டாம் என்று கிளம்புகிறவர் உண்டு, நிம்மதியாக வழியனுப்புங்கள். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் வந்தால் அதே வெஸ்ட்ரி, அதே அளவு ஜெபம்.

"ஜெயத்தைத் தாரும்" வேண்டவே வேண்டாம். தோற்கப்போகிறவருக்கு வேலை பார்க்கும் தம்பியும் உங்கள் சபையில்தான் திருவிருந்து எடுக்கிறான்.

கண்ணை மூடிக்கொண்டு குத்தாதீர்கள். "பொய் வாக்குறுதி கொடுக்கும் இவரை மன்னியும்" என்பது ஜெபம் அல்ல, பதில் சொல்ல முடியாதபடி ஒருவரை நிற்கவைத்து அடிப்பது. கண்டிக்க வேண்டுமா, பிரசங்கத்தில் முகம் பார்த்துச் சொல்லுங்கள். 2025 ஜனவரி 21 அன்று வாஷிங்டன் தேசியக் கதீட்ரலில் பேராயர் மேரியன் பட்டி, முன்வரிசையில் இருந்த அதிபர் டிரம்பை நோக்கி, பயந்திருக்கிறவர்கள் மேல் இரக்கம் காட்டுங்கள் என்று பிரசங்கத்திலேயே கேட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி அதிபர் எழுதினார். அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தால் பேசுங்கள்.

கோபுர வேலைக்கு என்று கவர் நீட்டினால் தேர்தல் முடியட்டும் என்று சொல்லுங்கள். கமிட்டியார் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சட்டமும் இருக்கிறது. வழிபாட்டு இடத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தேர்தல் நடத்தை விதிகள் தடுக்கின்றன. மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-இல் தனிச் சட்டமே வந்தது. வேட்பாளருக்கு வக்கீல் இருப்பார். உங்களுக்கு யார்?

சபையாரே, உங்களிடம் ஒரே கெஞ்சல். அப்படி ஒரு வீடியோ வந்தால் ஃபார்வர்டு பண்ணுமுன் உங்கள் ஆயருக்கு ஒரு போன் போடுங்கள். பாட்டை எடுத்துவிட்டால் அவர் ஜெபித்தது வேறாக இருக்கும்.

கடைசியாக, ஜெபத்தாளை வைத்திருக்கும் செயலாளருக்கு: தேர்தல் முடிவு வந்த வாரமே பெயர்களை மாற்றிவிடுங்கள். மாற்றலாகி வேறு மாவட்டம் போய்விட்ட கலெக்டருக்காக ஒரு சபையில் இன்னமும் ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்.