காய்ந்த சுவர் மழை நாளில் மட்டும் நாறுவது ஏன்?

"மேல்வீட்டுக் குழாய் உடைந்து படுக்கையறைச் சுவர் ஊறிப்போனது. வீட்டுக்காரர் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். வெயில் நாளில் ஒன்றும் தெரிவதில்லை. மழை பிடித்தால் அதே பழைய வாடை. எனக்குப் பிரமையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பிரமை இல்லை. ஈரம் இரண்டு நாள் நின்றாலே பூஞ்சை தலைகாட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது காகிதம், பசை, மரம் என்று கிடைத்ததைத் தின்று ஆவியாகும் சேர்மங்களை வெளியே விடுகிறது. காளான் வாசத்துக்குக் காரணமான ஆக்டெனால் அதில் ஒன்று. கூடவே சில பாக்டீரியாக்கள் ஜியோஸ்மின் என்ற மண்வாசப் பொருளைத் தயாரிக்கின்றன. பத்துக் கோடி லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம் கலந்தாலும் பலருடைய மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

சரி, சுவர்தான் காய்ந்துவிட்டதே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் சிமென்ட் பூச்சு உண்மையில் நுண்துளைகளால் ஆனது. அந்தத் துளைகளின் உட்சுவர்களில் வாடை மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பள்ளியில் பரப்புக் கவர்தல் என்று படித்தோமே, அதேதான். காற்று வறண்டிருக்கும்வரை அவை அசையாது. ஈரக்காற்று வந்ததும் கதை மாறுகிறது. தாதுப் பரப்புக்கு நீர் மூலக்கூறுதான் ரொம்ப நெருக்கமான சொந்தம். அது உள்ளே வந்து உட்கார, ஏற்கெனவே இருந்தவை இடம் காலி செய்துகொண்டு அறைக்குள் வருகின்றன.

நீங்களே சோதிக்கலாம். நன்றாகக் காய்ந்த மண்பாண்டத் துண்டின்மேல் 'ஹா' என்று வாயால் ஊதி உடனே முகர்ந்து பாருங்கள். மண்வாசம் வரும். களிமண் பாறையை அடையாளம் காணப் புவியியலாளர்கள் இன்றும் செய்யும் வேலை இது. ஆஸ்திரேலியாவின் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் காய்ந்த பாறைகளை நீராவியில் வடித்து, முதல் மழையில் எழும் மண்வாசத்தைத் தரும் ஒரு எண்ணெயைப் பிரித்தெடுத்தார்கள். 1964-இல் அதற்கு 'பெட்ரிகோர்' என்று பெயரும் வைத்தார்கள். கல்லை வேகவைத்து முகர்ந்து பார்க்கப்போகிறேன் என்று இன்று யாராவது விண்ணப்பித்தால் நிதி கிடைக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

வாசனை ஸ்பிரே அடிப்பது வீண். பெயிண்டும் உள்ளே ஈரம் இருந்தால் கொப்புளித்து உரியும். ஊறிய மெத்தையையும் ஜிப்சம் பலகையையும் கழற்றி எறிவதுதான் வழி. அறைக்காற்றின் ஈரப்பதத்தை அறுபது சதவீதத்துக்குக் கீழே வைத்து, சிமென்ட் சுவரை வாரக்கணக்கில் காற்றாட விட வேண்டும். ஈர நாளில் வெளியேறும் வாடையை அப்போதே மின்விசிறி வைத்து ஜன்னல் வழியே தள்ளிவிட்டால் இருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

அப்புறம், கசிவு உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக்காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்தால், ஷீட்டைப் பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.