டிரையத்லான்: ஐந்து லிட்டர் ரத்தத்தின் கணக்கு

சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கும் முதல் அரைக் கிலோமீட்டரில் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தினமும் ஓடுகிறவர்களுக்கும் இது நேர்கிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தனித்தனியே நன்றாகப் பழகிய ஒருவர், அவற்றை டிரையத்லான் போட்டியில் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்யும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறார்? இதற்கு உடலியலில் தெளிவான விடை இருக்கிறது. காரைக்குடி வெயிலில் பயிற்சி செய்கிறவர்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தூர டிரையத்லானில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் நுழைந்த போட்டியின் தூரத்தில் இது சரிபாதி. காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குப் போய்த் திரும்பினால் சைக்கிள் தூரம் ஏறத்தாழ முடிந்துவிடும். நீச்சலுக்கு 25 மீட்டர் குளத்தில் முப்பது நீளம் போதும். குளம் கிடைக்கவில்லை என்று குடிநீர் ஊருணியில் இறங்கிவிடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் காப்பாற்றிவைத்த ஊர்க் கட்டுப்பாட்டை மீறுவதற்கு எந்தப் பயிற்சியும் காரணமாகாது.

நீந்தும்போது உடல் படுத்த நிலையில் இருக்கிறது. சுற்றியுள்ள நீரும் அதை அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்து கால்களில் உள்ள ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகின்றன. கரையேறி நிமிர்ந்ததும் அதே ரத்தம் கால்களுக்கு இறங்கிவிடுவதால் சிலருக்குத் தலை சுற்றுகிறது. நீச்சலின் கடைசி 50 மீட்டரில் கால்களைச் சற்று வேகமாக அடிக்கச் சொல்லிப் பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். சுருங்கி விரியும் கால் தசை ரத்தத்தை மேலே ஏற்றும். அதற்கு முன்பு வரை கால் அடிப்பது மெதுவாகவே இருக்கட்டும். நெடுநீச்சலில் உடலை முன்னே இழுப்பவை பெரும்பாலும் கைகள். கால்களின் பெரிய தசைகள் ஆக்சிஜனை நிறையச் செலவழித்துவிட்டுக் குறைவாகவே உதவுகின்றன.

அடுத்தது சைக்கிள். ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும் என்பது விதி. உடை மாற்றும் நேரமும் மொத்த நேரத்தில் சேரும் என்பதால் பதற்றத்தில் பலர் இதை மறக்கிறார்கள். சமவெளிச் சாலையில் எதிர்ப்பதெல்லாம் பெரும்பாலும் காற்றுதான். அதைக் கிழிக்க ஒவ்வொரு நொடியும் தேவையான ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 28 கிலோமீட்டரிலிருந்து 30க்குப் போனால் காற்றுக்காக ஒவ்வொரு நொடியும் செய்யும் வேலை சுமார் 23 சதவீதம் கூடுகிறது. அதனால் 20 கிலோமீட்டரில் மிச்சமாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அமெச்சூர் வீரர் ஒருவர் அந்த மூன்று நிமிடத்துக்காகக் கொடுக்கும் விலையை ஓட்டத்தில்தான் உணர்வார்.

அந்த விலை வெப்பமாக வருகிறது. தசை செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட பெடலை எட்டுவதில்லை, மீதி வெப்பமாகிறது. பெடலில் 150 வாட் செலுத்தும் ஒருவரின் உடலுக்குள் சுமார் 500 வாட் வெப்பம் உண்டாகிறது. ஓட்டத்தில் இது இன்னும் அதிகம். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 800 வாட். இந்த வெப்பம் வெளியேறவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும்.

வெளியேற்றும் வேலையைச் செய்வது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம்; தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சைக்கிளில் போகும்போது நம் வேகமே காற்றை உண்டாக்கி வியர்வையை உடனே உலர்த்திவிடுகிறது. அதனால் உடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதே தெரிவதில்லை. இறங்கி ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, உள்ளே உற்பத்தியாகும் வெப்பமோ கூடுகிறது. வெயில் அப்போதுதான் திடீரென ஏறியது போலத் தோன்றும்.

இங்கேதான் ரத்தத்தின் கணக்கு இடிக்கிறது. உடலில் இருப்பது ஏறக்குறைய ஐந்து லிட்டர். தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோவதும், உள்ளிருக்கும் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவதும் அதே ரத்தம். ஒரே கண்மாயிலிருந்து இரண்டு மடைகளையும் முழுக்கத் திறந்தது போன்ற நிலை இது. நேரம் ஆக ஆக வியர்வையாகத் தண்ணீர் போவதால் கண்மாயின் மட்டமும் இறங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. ஓடும் வேகம் மாறாமலே நாடி கூடிக்கொண்டே போவதைக் கடிகாரத்தில் பார்க்கலாம். அதைச் சோம்பல் என்றோ மனத்தளர்ச்சி என்றோ எண்ணி இன்னும் வேகமாக ஓட முயல்வது ஆபத்து.

கால் கனப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெடலை மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கியே வேலை செய்கிறது. இடுப்பும் மடங்கியே இருக்கிறது. ஓட்டத்திலோ ஒவ்வொரு முறை பாதம் தரையில் விழும்போதும் அதே தசை நீண்டபடி எடையைத் தாங்க வேண்டும். நரம்பு மண்டலம் மிதிக்கும் தாளத்தை உடனே விட்டுவிடுவதில்லை. புதிய தாளத்துக்கு மாறச் சில நிமிடங்கள் ஆகும். வாரத்தில் ஒரு நாள் சைக்கிள் ஓட்டி இறங்கிய கையோடு ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடிப் பழகினால் இந்தத் தடுமாற்றம் குறையும். என்னைக் கேட்டால், விலையுயர்ந்த சைக்கிளைவிட இந்த ஒரு பழக்கம் பெரிது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் முன்பின் ஆகும் போட்டிக்குத் தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து போதும். இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக இட்லி சாப்பிடலாம். எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரம் வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும். அதைப் போட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைச் சைக்கிளில் இருக்கும்போதே குடித்துவிடுங்கள், ஓடும்போது குடித்தால் வயிறு குலுங்கும்.

செட்டிநாட்டில் எந்த நேரத்தில் பயிற்சி செய்வது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விடியற்காலையில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை மெதுவாகவே உலரும். பிற்பகல் காற்று வறண்டது. ஆனால் தோலின் வெப்பநிலை 35 டிகிரி என்றால் காற்று 38 டிகிரி. உடலிலிருந்து வெப்பத்தை வாங்க வேண்டிய காற்றே உடலுக்குள் வெப்பத்தை ஏற்றுகிறது, நேரடி வெயில் வேறு. ஆகவே விடியற்காலைதான் நல்லது. ஆனால் போட்டி காலை ஒன்பது மணி வெயிலில் முடியும் என்றால், அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் படிப்படியாக வெயிலிலும் பழக வேண்டும். பத்துப் பதினான்கு நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே சுரக்கும், அதில் உப்பு குறையும். இந்தப் பழக்கம் சில வாரங்களில் கலைந்துவிடும் என்பதால் மார்கழிக் குளிரில் செய்த பயிற்சியை நம்பிப் பங்குனி வெயிலில் இறங்கக் கூடாது.

ஓடிக்கொண்டிருப்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கொதிக்கும் வெயிலில் குளிர்கிறது என்றாலோ உடனே நிறுத்துங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அது வெப்பத் தாக்கு. ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். அது வரும் வரை காத்திருக்காமல், மற்றவர்கள் கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்த வேண்டும். தொட்டி இல்லையென்றால் வாளி வாளியாக ஊற்றி விசிற வேண்டும். உடல் குளிர்ந்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.