ஸ்கேனர் வாங்குமுன் உங்கள் வீட்டுப் பழைய படங்களைப் பாருங்கள்

மட்டக்களப்பில் பழைய படங்களைச் செப்பனிடும் தொழிலைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். வீட்டுக் கணினிக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணையே, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதையே, ஒப்பிடுகிறார்கள். நானோ அவர்களுடைய படங்கள் தட்டையாக இருக்கின்றனவா என்றுதான் முதலில் கேட்பேன்.

1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம் என்று நனைந்து தப்பிய படங்கள் நம் வீடுகளில் அநேகம்; காய்ந்தபோது அவை நெளிந்தும், சில சட்டகக் கண்ணாடியோடே ஒட்டியும் போயின. யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் பெறும் மெல்லிய ஸ்கேனர்களிலும், பிரிண்டரோடு சேர்ந்து வருபவற்றில் பெரும்பாலானவற்றிலும் இருக்கும் சிஐஎஸ் உணரி தாளை ஒட்டி நின்றே பார்ப்பதால், படம் ஓரிரு மில்லிமீற்றர் எழும்பினாலே அந்த இடம் மங்கிவிடும். வில்லையும் ஆடிகளும் கொண்ட தடித்த சிசிடி வகை, எழும்பிய பகுதியையும் தெளிவாகப் பிடிக்கும்.

மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடியைச் சேர்ந்த அம்மா ஒருவர், ஆழிப்பேரலையில் பறிகொடுத்த மகனின் ஒரேயொரு படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிய நிலையில் கொண்டு வந்தார். வீட்டு இயந்திரத்தில் எடுத்த பிரதியில் முகம் கலங்கியிருந்ததால், உரித்தெடுத்துத் தரும்படி கேட்டார். உரித்திருந்தால் படத்தின் மேற்படை கண்ணாடியோடு போயிருக்கும். சட்டகத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சிசிடி ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தேன். பிள்ளையின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. ஒட்டிய படத்தை எவரும் உரிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

ஆவணத்துக்கு 300 டிபிஐ, படத்துக்கு 600 டிபிஐ போதும். 4க்கு 6 அங்குலப் படம் 600இல் 2400க்கு 3600 புள்ளிகளாக வரும். ஒப்டிகல் அளவு, அதாவது இயந்திரம் உண்மையிலேயே பார்த்துப் பதியும் டிபிஐ, எவ்வளவு என்று கேளுங்கள், அதற்கு மேற்பட்ட எண் மென்பொருள் இட்டு நிரப்புவதே. நெகட்டிவ் வைத்திருப்பவர்களுக்கு எப்சன் வி600 போல மூடியிலும் விளக்குள்ள இயந்திரம் தேவை. சான்றிதழ்களும் நேரான தாள்களும் மட்டுமே உள்ளவர்கள் வீண்செலவு செய்ய வேண்டியதில்லை. கெனன் லைட் (Canon LiDE) போன்ற சிஐஎஸ் ஸ்கேனரே தாராளம். பழைய காணி உறுதி ஏ4 தாளைவிட நீளமாக இருந்தால் இரு பகுதிகளாக எடுக்கலாம், ஆனால் நைந்த உறுதியைத் தானாகத் தாள் இழுக்கும் இயந்திரத்தில் ஒருபோதும் விடாதீர்கள்.

வாங்கும் நாளில், வீட்டிலேயே அதிகம் நெளிந்த படத்தைக் கடைக்குக் கொண்டுபோய், வாங்கப்போகும் இயந்திரத்திலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.