ஒலித்தடுப்பு: உறிஞ்சுவதும் இல்லை, புகாததும் இல்லை

கோத்தகிரிப் பக்கம் ஒரு விடுதிக்கு இரண்டு மாடி மரக்குடில் கட்டினோம். பலகை விற்றவர்கள் தந்த தமிழ்க் கையேட்டில் ‘ஒலி உறிஞ்சும் மரச் சுவர்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வேலை முடிந்து பார்த்தால், பக்கத்து அறையில் போன் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. உரிமையாளர், இன்னும் கொஞ்சம் உறிஞ்சட்டும் என்று மேடுபள்ளமான ஸ்பாஞ்சை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டவைத்தார். அறைக்குள் எதிரொலி குறைந்தது. பக்கத்து அறைப் பேச்சு அப்படியே வந்தது. எங்கள் ஆசாரி சொன்னார்: “சத்தம் அடங்குறது வேற, சத்தம் தாண்டுறது வேற சார்.”

ஆசாரிக்குத் தெரிந்த அந்த வேறுபாடு மொழிபெயர்த்தவருக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு மனிதருக்குப் பணம் போயிற்று.

சவுண்ட் இன்சுலேஷன் என்பதைத்தான் ‘ஒலி உறிஞ்சும்’ என்று எழுதியிருந்தார்கள். இன்சுலா என்றால் லத்தீனில் தீவு. தீவுபோலத் தனித்து நிறுத்துவது இன்சுலேஷன். பாடநூல்களில் அது மின்காப்பு, வெப்பக்காப்பு என்று நிலைத்துவிட்டது, சரி. அதே வழியில் ‘ஒலிக்காப்பு’ என்கிறார்கள். எங்கள் ஊரில் வனக்காப்பாளர் காப்பது வனத்தை. ஒலிக்காப்பு என்றால் ஒலியைக் காப்பது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் இது பெரிய தீங்கு செய்யாத சொல்.

தீங்கு செய்வது ‘ஒலிபுகா’. விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம். புகா என்றால் புகவே புகாது. அப்படி ஒரு சுவர் கிடையாது. எவ்வளவு குறைக்கும் என்பதுதான் கேள்வி, அதை ஒலியை அளக்கும் அலகான டெசிபலில் சொல்ல வேண்டும். காற்றில் வரும் ஒலியை முதலில் மறிப்பது எடை. சுவரின் எடை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாகக் குறையும். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவர் சதுர மீட்டருக்கு 360 கிலோ. அதே தடிமனில் மரம் 70 கிலோ சொச்சம்தான். ஆகவே வெறும் மரச்சுவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சை விடும். அதைத் தொடாமல் தனிச் சட்டம் நிறுத்தி, இடையில் ராக்வுல் என்ற பாறை இழைப் பஞ்சைத் திணித்து, ஜிப்சம் போர்டு அடித்து, இடுக்குகளை அடைத்தால் நிலைமை மாறும். ராக்வுல் உறிஞ்சத்தான் செய்கிறது; குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். ஆனால் அது இரண்டு பரப்புகளுக்கு நடுவே இருக்கும்போதுதான் இந்த வேலைக்கு உதவும். சுவர்மேல் ஒட்டிய ஸ்பாஞ்சு எதையும் நிறுத்தாது.

அதனால் நான் ‘ஒலித்தடுப்பு’ என்கிறேன். ஓடையில் தடுப்பணை கட்டுகிறோம். மழை கூடினால் அதன் மேல் தண்ணீர் வழியும், அதற்காகத் தடுப்பணை என்ற பெயரை யாரும் மாற்றுவதில்லை. தடுப்பு என்ற சொல்லில் அளவு இருக்கிறது, ‘எவ்வளவு தடுக்கும்?’ என்று கேட்கலாம். ‘எவ்வளவு புகாது?’ என்று கேட்க முடியுமா?

தரைக்கு வந்தால் இன்னொரு சொல் வேண்டும். இங்குள்ள பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் மேலே ஒருவர் நடந்தால் கீழே படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். கையேடு இதைத் ‘தாக்க ஒலி’ என்கிறது. மிதியொலி என்றால் போதாதா? இதை அளக்க ஒரு கருவி உண்டு: அரைக் கிலோ சுத்தியல் ஐந்து, 4 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்குப் பத்து அடி வீதம் தரையில் விழும். கீழ் அறையில் எவ்வளவு சத்தம் என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய முறையில் சுவருக்கு எண் கூடினால் நல்லது, மிதியொலிக்கு எண் குறைந்தால் நல்லது. கையேட்டில் இரண்டுக்கும் ‘ஒலி மதிப்பு’ என்று ஒரே பெயர். உரிமையாளர் பெரிய எண் போட்ட தரையைத் தேர்ந்தெடுத்தார். மேலே நாற்காலி இழுத்தால் கீழே தூங்க முடியவில்லை.

பலகையின் பெயரும் இதே கதை. எஞ்சினியர்டு வுட் என்பதைப் ‘பொறியியல் மரம்’ என்று எழுதியிருக்கிறார்கள். படித்த எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் அது என்ன மரம் என்று புரியவில்லை. ஒட்டுமரம் என்றால் குன்னூர்க்காரர்களுக்கு நர்சரி ஒட்டுச்செடி நினைவுக்கு வரும். ஒரு அடுக்கு நெடுக்கில், அடுத்தது குறுக்கில் வைத்துப் பசையிட்டு அழுத்துவதால் ‘குறுக்கடுக்குப் பலகை’ என்று சொல்லிப் பார்த்தேன். ஆசாரி உடனே இரண்டு உள்ளங்கைகளையும் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார்.

கையேட்டை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். இப்படிப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: “சுவரின் ஒலித்தடுப்பு இத்தனை டெசிபல், கூடினால் நல்லது. தரையின் மிதியொலி இத்தனை டெசிபல், குறைந்தால் நல்லது.”