‘செவிலியர் குடியிருப்பு’ என்னும் கூத்து

‘குடியிருப்புத் திட்டம்’ என்றால் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை யாரைக் கேட்டாலும் வீட்டுவசதி வாரியத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் வெளிநாட்டு நர்சிங் வேலை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘நர்ஸ் ரெசிடென்சி ப்ரோகிராம்’ என்பதை ‘செவிலியர் குடியிருப்புத் திட்டம்’ என்று விடாமல் எழுதுகிறார்கள். நர்சிங் முடித்த பெண்ணின் அப்பா அதைப் படித்துவிட்டு, “குவாட்டர்ஸ் சும்மா தருவாங்களா, வாடகை பிடிப்பாங்களா?” என்று கேட்டால் அவர்மேல் என்ன தப்பு?

அங்கே வீடும் இல்லை, வாடகையும் இல்லை. அமெரிக்காவில் படிப்பை முடித்து, உரிமத் தேர்விலும் தேறி, வேலைக்குச் சேர்ந்த புது நர்ஸை உடனே வார்டில் தனியாக விடாமல், அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்து, வகுப்பும் வார்டுமாகப் பழக்கியெடுக்கும் ஏற்பாடு இது. பெரும்பாலும் ஓராண்டு. படித்தது ஒன்று, வார்டில் நடப்பது வேறொன்று என்று புதியவர்கள் திகைத்துப்போவதை அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிராமர் ‘யதார்த்த அதிர்ச்சி’ என்று பெயரிட்டு 1974-லேயே எழுதினார். இந்த ஏற்பாடு தேவை என்று அமெரிக்காவின் மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2010-ல் பரிந்துரைத்தது.

‘ரெசிடென்சி’ என்ற சொல்லின் வேர் லத்தீன். ஓரிடத்தில் அமர்தல், தங்குதல் என்று பொருள். அமெரிக்காவில் 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதன் தலைமை மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் இளம் மருத்துவர்களை அங்கேயே தங்கவைத்துப் பழக்கினார். அதனால் அவர்கள் ரெசிடென்ட். நர்சுகளுக்குப் பெயர் மட்டும் வந்தது, கட்டில் வரவில்லை. (திருவிதாங்கூரில் வெள்ளைக்கார ரெசிடென்ட், அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதி, தங்கிய மாளிகைக்கும் ரெசிடென்சி என்றுதான் பெயர். கொல்லத்தில் ஒன்று இன்னும் நிற்கிறது.)

‘குடியிருப்பு’ அறியாமை, சரி, விட்டுவிடலாம். ‘உறைவிடப் பயிற்சி’ என்பவர்கள்தான் வாதத்துக்கு வருகிறார்கள். ‘உறை’ பழந்தமிழ் வேராம், ‘உறைவிட மருத்துவர்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதாம். வேர் பழையதுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் உறைவிடப் பள்ளி என்றால் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி என்று தமிழர் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருக்கிற சொல்லை எடுத்து, அது சொல்லாத பொருளை அதன் தலையில் ஏற்றுவது என்ன தூய்மை? ‘உறைவிட மருத்துவர்’ என்பதாவது தெளிவாக இருக்கிறதா என்றால், அரசு ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கும் மருத்துவரான ஆர்.எம்.ஓ.வையும் அப்படித்தான் எழுதுகிறார்கள், மேற்படிப்பு மாணவரையும் அப்படித்தான். போதாததற்கு, ஆஸ்பத்திரிக்குள் ‘உறை’ என்றால் ரத்தம் உறைவதும் கையுறையும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இன்னொரு கட்சி, ஈழ வழக்கிலிருந்து ‘வதிவிட’த்தை எடுத்து வருகிறது. நல்ல சொல். ஆனால் அங்கே வதிவிட அனுமதி என்றால் விசா விவகாரம். வெளிநாடு போகிற நர்ஸிடம் ‘வதிவிடத் திட்டம்’ என்றால், பி.ஆர்., அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைத்துவிட்டது என்று வீட்டில் பாயசம் வைத்துவிடுவார்கள். எங்கள் குமரிப் பக்கத்தில், எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை “எங்க தாமசம்?” என்று கேட்பது வழக்கம். நல்லவேளை, இன்னும் யாரும் ‘தாமசப் பயிற்சி’ என்று எழுதவில்லை. எழுதினால் திருச்சிக்காரர் ‘தாமதப் பயிற்சி’ என்று திருத்திவிடுவார்.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், அது குறிக்கும் வேலையைப் பார்ப்பதில்லை. இங்கே நடப்பது வேலை பழகுவது. “ஒர்க்‌ஷாப்புல வேல பழகுதான்” என்று ஊரில் சொல்கிறோமே, அதையே எடுத்துக்கொண்டு ‘புதுச்செவிலியர் பணிப்பழக்கத் திட்டம்’ என்று எழுதலாம். ‘தொழிற்பழகுநர்’ சரிவராது, அது அப்ரன்டிஸ், இவரோ உரிமம் பெற்றுச் சம்பளம் வாங்கும் ஊழியர். இன்டர்ன்ஷிப்பும் அல்ல, அது படிப்புக்குள்ளேயே முடிந்துவிடுவது.

‘பயிற்சி’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ட்ரெய்னிங் என்ற பேரில் சொற்பத் தொகை கொடுத்து, சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, முழு நர்ஸின் வேலையை வாங்கிய ஆஸ்பத்திரிகள் உண்டு. அந்தத் தந்திரத்துக்கு நாமே தமிழ்ப்பெயர் சூட்ட வேண்டாம்.

அப்புறம் அந்த ‘ப்ரிசெப்டர்’. புதியவரைப் பழக்கிவிடும் அனுபவசாலி. அதை ஒருவர் ‘போதகர்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். குமரி மாவட்டத்தில் போதகர் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர். வார்டில் ‘சீனியர் சிஸ்டர்’ என்றாலே போதும். எழுத்தில் வேண்டுமானால் வழிகாட்டிச் செவிலியர்.