வட்டத்துக்குள் வட்டம்: போக்கர் சிப்பில் ஸ்டிக்கர் கோணாமல் ஒட்டுவது எப்படி?

போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்ட வில்லைதான் போக்கர் சிப். அதன் குறுக்களவு பெரும்பாலும் 39 மி.மீ. பெயரும் படமும் போட்டுச் சொந்தமாகச் செய்துகொள்ளும் சிப்களில், இரண்டு பக்கமும் நடுவில் ஸ்டிக்கருக்கென்று ஆழம் குறைந்த வட்டப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் 26 மி.மீ., ஸ்டிக்கர் 25.4 மி.மீ., அதாவது ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நட்டநடுவில் உட்கார்ந்தால் சுற்றிலும் 0.3 மி.மீ. இடைவெளி தெரியும். 0.2 மி.மீ. இடப்பக்கம் தள்ளிப்போனால்? இடப்பக்கம் 0.1, வலப்பக்கம் 0.5. நகர்ந்ததோ இரண்டு ஜெராக்ஸ் தாள் தடிமன். இடைவெளியோ ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் ஐந்து மடங்கு. பார்த்ததுமே கோணல் என்று தெரிந்துவிடும். ஒரு நீளத்தைச் சும்மா பார்த்து இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல நம் கண்ணால் முடியாது. ஆனால் எதிரெதிரே இருக்கும் இரண்டு இடைவெளிகளை ஒப்பிடச் சொன்னால் அது அசத்திவிடும்.

அப்படியானால் இடைவெளியே இல்லாமல் பள்ளத்தின் அளவுக்கே ஸ்டிக்கர் வெட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பலரின் வேலை கெடுகிறது. சரிசம அளவில் வெட்டிய ஸ்டிக்கர் மயிரிழை நகர்ந்தாலும் பள்ளத்தின் சுவரில் ஏறி நிற்கும். ஏறிய ஓரத்தின் கீழே ஒட்டிப் பிடிக்கச் சமதளம் இல்லை. அடுக்கும்போதும் கலைக்கும்போதும் விரல் முதலில் உரசுவது அந்த ஓரத்தில்தான். சில நாளில் அது உரிந்து எழும்பிவிடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் வெர்னியர் காலிப்பரால் பத்து சிப்களின் பள்ளத்தையாவது அளந்து பாருங்கள். வார்ப்பில் சிறு வித்தியாசம் வரும். கிடைத்த அளவுகளில் ஆகச் சிறியதிலிருந்து 0.5 அல்லது 0.6 மி.மீ. கழித்துக்கொண்டால் அதுதான் ஸ்டிக்கரின் அளவு.

லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளின் களிமண் கலவை சிப்களில் இந்தத் தொல்லை கிடையாது. சூடும் அழுத்தமும் கொடுத்து சிப்பை வார்க்கும்போதே நடுப்படத்தையும் சேர்த்து அழுத்திவிடுகிறார்கள். படம் சிப்போடு ஒன்றாகிவிடும். வீட்டுச் சிப்பில் அந்தப் பொறுப்பு முழுவதும் பசையின் தலையில்.

பின்தாளை உரித்து ஒட்டும் வட்ட ஸ்டிக்கர்களை 1935-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான்டன் ஏவரி வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் இருப்பது கோந்து மாதிரி காய்ந்து இறுகும் பசை அல்ல. ஒட்டும்போதும் ஒட்டிய பிறகும் அது ஒரே நிலையில்தான் இருக்கிறது: கெட்டியான பொருளுக்கும் மிகமிக மெதுவாக வழியும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலை. அழுத்தினால் வழிந்து, பிளாஸ்டிக்கின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கும். வெடுக்கென்று இழுத்தால் கெட்டிப்பொருள்போல் எதிர்த்து நிற்கும். எவ்வளவு மிருதுவாக இருந்தால் ஒரு பொருள் இப்படி ஒட்டும் என்பதற்கு 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்க்விஸ்ட் வகுத்த வரம்பு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

பசை வழிந்து இறங்க வேண்டும் என்பதால், அடியில் இருக்கும் பரப்பு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். புதுச் சிப்களில், வார்ப்பச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவும் பொருளின் மெல்லிய படலம் மிஞ்சியிருக்கலாம். தொட்டால் தெரியாது. அதன்மேல் ஒட்டுவது எண்ணெய்த் தட்டில் ஒட்டுவதற்குச் சமம். பஞ்சு நூல் உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நனைத்துப் பள்ளத்தைத் துடைத்து, ஓரிரு நிமிடம் உலரவிடுங்கள். வெறும் துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி, அறையிலுள்ள தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு தூசி போதும், வினைல் பிளாஸ்டிக்காலான ஸ்டிக்கருக்கு மேலே பரு மாதிரி தெரிய.

அடுத்தது உரிப்பது. பின்தாளைத் தட்டையாக வைத்துக்கொண்டு ஸ்டிக்கரைப் பிடித்து மேலே இழுப்பதுதான் எல்லோருக்கும் கைவருவது. அப்படி இழுத்தால் ஸ்டிக்கர் வளைகிறது. ஒட்டிய பிறகும் சுருண்ட நிலைக்கே திரும்பப் பார்க்கிறது. மாற்றிச் செய்ய வேண்டும்: மேசை விளிம்பில் பின்தாளைக் கீழ்நோக்கி மடக்கி இழுங்கள். ஸ்டிக்கர் வளையாமல் தானாகவே முன்னே நீட்டிக்கொண்டு வரும். கூர்முனைக் கைவினைக் கத்தியின் அலகை அதன் ஓரத்தில் இரண்டு மி.மீ. மட்டும் ஒட்டவிட்டுத் தூக்குங்கள். விரலால் பசையைத் தொட வேண்டாம். தோலின் எண்ணெய் பட்ட ஓரம்தான் பிற்பாடு முதலில் கிளம்பும்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பது இந்த வேலையில் யாரும் கவனிக்காத விஷயம். மேசை விளக்கு ஒரு பக்கமாக இருந்தால், அந்தப் பக்கத்துப் பள்ளச் சுவரின் நிழல் இடைவெளிக்குள் விழும். கறுப்பாகத் தெரியும் இடைவெளி அகலமாகவும், எதிர்ப்பக்கத்து வெளிச்ச இடைவெளி ஒடுக்கமாகவும் தோன்றும். அதை நம்பிச் சரிசெய்தால், சரியாக இருந்ததைக் கோணலாக்கிவிடுவோம். விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கட்டும், கண்ணும் சிப்புக்கு நேர் மேலே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் சிப்பை அரைச்சுற்றுத் திருப்பிப் பாருங்கள். கோணலும் கூடவே திரும்பினால் அது நிஜக் கோணல். விளக்குப் பக்கமே நின்றால் வெறும் நிழல்.

சிப் நழுவாமலிருக்க, கெட்டி அட்டையில் அதன் அளவுக்குத் துளை வெட்டி அதற்குள் வையுங்கள். கத்தியில் பிடித்த ஸ்டிக்கரின் எதிர் ஓரத்தை முதலில் பள்ளத்தில் இறக்கி, அங்கே இடைவெளியைச் சரிபாருங்கள். பிறகு இடமும் வலமும். மூன்றும் ஒத்துவந்தால் கத்தி முனையைத் தாழ்த்தி மெல்ல உருவிவிடுங்கள். இதுவரை எங்கேயும் அழுத்தக்கூடாது. லேசாகப் படிந்திருக்கும் வரை பசை சில புள்ளிகளில்தான் தொட்டிருக்கும். தூக்கி மறுபடி வைக்கலாம். அழுத்தியபின் எடுத்தால் வினைல் இழுபடும், வட்டம் நீள்வட்டமாகும். சோப்புத் தண்ணீர் தெளித்து நகர்த்தி ஒட்டும் முறை பெரிய கண்ணாடிக்குப் பொருந்தும்; பள்ளத்துக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்ளும் என்பதால் இங்கே வேண்டாம்.

இனி அழுத்தம். நடுவிலிருந்து வெளியே அழுத்தினால் காற்று ஓரத்துக்கு ஓடிவிடும். இரண்டு ஓரங்களை முதலில் அழுத்தினால் அது நடுவில் மாட்டிக் குமிழியாகும். முனை உருண்ட மிருதுவான அழிரப்பர் இதற்கு அருமையான கருவி: நடுவில் முதலில் தொட்டு, அழுத்த அழுத்தத் தானே விரிந்து ஓரம்வரை போகும். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது நல்ல கணக்கு. ஓர் அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். ஆக 5 கிலோ. எடை பார்க்கும் தராசின்மேல் சிப்பை வைத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கை பழகிவிடும். ஒட்டிய சிப்களை அடுக்கி மேலே கனமான புத்தகம் வைப்பதில் பயனில்லை. ஸ்டிக்கர் பள்ளத்துக்குள் இருப்பதால் பாரம் முழுவதையும் சிப்பின் விளிம்புகளே தாங்கிக்கொள்ளும்.

பசை தன் முழுப் பிடிக்கு வர மூன்று நாள், 72 மணி நேரம், கொடுங்கள். குளிரில் அது இறுகி வழிய மறுக்கும் என்பதால் அறை 20 டிகிரிக்குக் கீழே போகாமலிருந்தால் நல்லது.

500 சிப் கொண்ட செட்டுக்கு 1,000 ஸ்டிக்கர். வீணாவதற்கும் சேர்த்து 1,100 அச்சடியுங்கள். ஒன்றுக்கு 25 விநாடி என்றாலும் ஏழு மணி நேர வேலை. ஒரே மூச்சில் உட்காராமல் நூறு நூறாகப் பிரித்துக்கொண்டால் கடைசி ஸ்டிக்கரும் முதலாவதைப்போல் வரும். சிப்பின் விளிம்பில் வண்ணப் பட்டைகள் இருந்தால், எழுத்தின் தலைப்பக்கம் எந்தப் பட்டைக்கு நேரே வரவேண்டும் என்பதை முதல் சிப்பிலேயே முடிவு செய்து, அதைக் கண்முன் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒட்டுங்கள்.

கோணிப்போனதை எடுக்க, ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்குங்கள். பசை இளகும், தாழ்ந்த கோணத்தில் மெதுவாக உரித்தால் பெரும்பகுதி கூடவே வந்துவிடும். மிச்சத்தில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் உருட்டி எடுங்கள். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம். சிப்பின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே புது ஸ்டிக்கரைக் கையில் எடுங்கள்.