சொத்துக்கள், பொறுப்புக்கள் வெளிப்படுத்தல்

இலங்கையின் கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, வன்னியின் எந்தக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) ஜூன் மாதம் இந்தப் படிவத்தின் பேச்சு எழும். மார்ச் 31இல் தமக்கு என்ன இருந்தது, எவ்வளவு கடன் இருந்தது என்பதைப் பதவிநிலை உத்தியோகத்தர்கள் ஜூன் 30க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வாழ்க்கைத் துணையின் உடைமைகளும் தங்கி வாழும் பிள்ளைகளின் உடைமைகளும் அதில் அடங்கும். அலுவலகப் பேச்சில் இது 'சொத்து விபரம்'. அரசியல் மேடையில் 'சொத்துப் பிரகடனம்'. இதற்குப் பொருத்தமான தமிழ்ப் பெயர் எது?

'சொத்து' என்பது வடமொழி 'ஸ்வத்வ' என்பதிலிருந்து வந்தது என்பர். தன்னுடையதாயிருத்தல் என்பது பொருள். 'பொறுப்பு' நம் சொல். பொறுத்தல் என்றால் சுமத்தல். அதனால் கணக்கியல் அதைக் கடனுக்கு எடுத்துக்கொண்டது. ஊரில் அதன் பொருள் வேறு. புதிதாக நியமனம் பெற்ற ஒருவர் படிவத்தின் 'பொறுப்புக்கள்' பகுதியில் 'வயதான பெற்றோர், இரண்டு தங்கைகளின் திருமணம்' என்று எழுதினால் அவரை எப்படிக் குறைசொல்வது? உண்மையில் அங்கே வரவேண்டியது உழவு இயந்திரத்துக்கு இன்னும் கட்டவேண்டிய லீசிங் பணம். அடகு வைத்த சங்கிலி சொத்தில் வரும். அதன்மேல் வாங்கிய பணம் பொறுப்பில் வரும். தகப்பன் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள வயலை மகன் விதைத்தாலும் அது மகனின் சொத்தாகிவிடாது.

'பிரகடனம்' எனக்கு உவப்பில்லாத சொல். போருக்கும் அவசரகாலத்துக்கும் உரிய முழக்கம் அது. போதாததற்கு, 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இவ்விபரங்களின் இரகசியத்தைக் காக்கச் சொன்னது. பெயரில் பறை, அலுமாரியில் பூட்டு! அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்கீழ், தனிப்பட்ட சில விபரங்களை மறைத்து மற்றவற்றை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுகிறது.

ஆகவே இன்று 'வெளிப்படுத்தல்' என்பதே சரி. சொல்லும் பழையது: 'வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா' என்கிறது தொல்காப்பிய உரியியல். வெளிப்படுதல் தானாக நடப்பது. வெளிப்படுத்தல் ஒருவர் செய்வது. கையொப்பமிடுபவரைத் தப்பவிடாத இலக்கணம்.

ஆனால் பதவியில் இருக்கும்போதே அடுத்த வேலை தேடும் அதிகாரி அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிக்கு இச்சொல் பொருந்தாது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயர் அதிகாரி ஒருவர் தனியார் நிறுவனத்துடன் வேலை பேசத் தொடங்கினால் மூன்று வேலை நாட்களுக்குள் தம் அலுவலக நெறிமுறை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீதி ஒப்பந்தக்காரரின் கொடுப்பனவுப் பட்டியலில் கையொப்பமிடும் பொறியியலாளர், ஓய்வுக்குப் பின் அவரிடமே வேலைக்குப் போகப் பேசுகிறார் என்று வையுங்கள்; அந்த நிலைக்கான விதி இது. ஊருக்குச் சொல்வது வெளிப்படுத்தல். உரிய அதிகாரிக்குச் சொல்வது அறிவித்தல். 'அடுத்த தொழில் அறிவித்தல்' என்றே இதை எழுதலாம்.